அக்கரைப்பற்று வரை எழும்பி இருத்தல்

முஸ்பிறாவின் குரல் மதிய ளுஹர் பாங்குக்கு முன்னமே தேய்ந்து போய்விடும். காலையில் வேன் வந்து நின்ற நேரத்திலிருந்து "எழும்புங்க, இரிங்க, எழும்புங்க, இரிங்க" என்று அவள் கத்திக்கொண்டே இருக்க வேண்டும். முன்னால் கதிரைகளில் குந்தியிருக்கிற வயதானவர்களில் பாதிப் பேருக்குக் காது கேட்காது. மீதிப் பேருக்குக் கேட்கும், ஆனால் கேட்காத மாதிரி இருப்பார்கள். பகல் முழுக்க அடுத்தவர்களை எழுப்பியும் இருத்தியும் விட்டுப் பின்னேரம் வீட்டுக்குப் போனால், தன் முழங்காலை மடக்கத் தனக்கே ஓர் ஆள் வேண்டும் போலிருக்கும். வயதும் ஐம்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. இன்னும் கொஞ்சக் காலத்தில் அவளும் அந்தக் கதிரை வரிசையில் போய் இருக்கப் போகிறவள்தானே.

நற்பிட்டிமுனைப் பக்கம், வீடுகள் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் அந்த நிலையம் இருக்கிறது. உடம்பு தளர்ந்த வயதானவர்கள் காலையில் வந்து, இருந்து, கதைத்து, சாப்பிட்டு, பின்னேரம் வீட்டுக்குப் போவார்கள். சனம் அதைச் 'சென்றர்' என்று சொல்லும். பெண்களுக்கு வேறு நாள், ஆண்களுக்கு வேறு நாள். முஸ்பிறா அங்கே முதலில் போனது தேத்தண்ணி ஊற்றத்தான். புருஷன் மௌத்தாகிவிட்டான். மகளுக்குக் கொடுக்க வேண்டிய வீடோ ஜன்னல் மட்டத்தோடு நின்றுவிட்டது. இந்தக் கிழக்குக் கரையில் மகளுக்கு வீடு கட்டாமல் மாப்பிள்ளை பேசப் போக முடியாது. ஆகையால் தேத்தண்ணி என்றாலும் தேத்தண்ணிதான் என்று போனாள்.

தேத்தண்ணிக்காரி எக்சசைஸ்காரி ஆனது இப்படித்தான். பாண்டிருப்பில் இருந்து மேனுஜா மிஸ் என்று ஒரு பிள்ளை, கை கால் பயிற்சி வைத்தியம் படித்தவள், எப்போதாவது வந்து சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவாள். ஒரு நாள் அவள் நடுவில் ஒரு கதிரையைப் போட்டு, "கை ஊன்றாம இதில இருந்து எழும்பிக் காட்ட ஒராள் வாங்க" என்றாள். ஒருத்தரும் அசையவில்லை. முஸ்பிறா தட்டோடு குறுக்கே போனாள். "அக்கா, நீங்க வாங்க" என்றாள் மிஸ். தட்டை இறக்கி வைத்துவிட்டு அவள் இருந்து எழும்பிக் காட்டினாள். அவ்வளவுதான், மிஸ் வராத நாளெல்லாம் அவளே செய்விக்க வேண்டும் என்றாகிவிட்டது. அதோடு தேத்தண்ணி வேலை போயிற்று என்று நினைக்காதீர்கள். இரண்டும் அவள் தலையில்தான்.

வேலையை விட்டுவிட்டுப் போக அவள் நினைக்காத மாதமில்லை. போகாததற்கு மகளின் வீடு ஒரு காரணம் என்றால், அவளுடைய உம்மா இன்னொரு காரணம். உம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்தவ. எலும்புகூட முறியவில்லை, பயம் மட்டும்தான். "கொஞ்ச நாளைக்குப் படுத்துக் கிடங்க" என்று பிள்ளைகள் பாசத்தோடு படுக்கவைத்தார்கள். அந்தக் கொஞ்ச நாள் முடியவேயில்லை. படுக்கை ஒரு ஆளை எப்படித் தின்னும் என்பதைப் புண் கழுவிக் கழுவியே முஸ்பிறா பார்த்தவள்.

தொடக்கத்தில் அவளும் ஒரு பிழை விட்டாள். பத்துத் தரம் எழும்பி இருந்தால் போதும், களைத்தால் அதற்கு முன்னமே நிறுத்தலாம் என்றுதான் மேனுஜா மிஸ் சொல்லியிருந்தாள். ஆனால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினால் கிழவிகளுக்கு ஏறவில்லை. பள்ளிக்கூடம் போகாத சனம், இலக்கத்துக்கு எழும்புமா? "ஸுப்ஹானல்லாஹ் சொல்லி எண்ணுவம் புள்ள, நன்மையும் கெடைக்கும்" என்று ஒருத்தி சொன்னாள். நல்ல யோசனை என்று முஸ்பிறாவும் தலையாட்டினாள். முப்பத்துமூன்று தரம் சொல்கிற தஸ்பீஹைத் தொடங்கினால் யார் பத்தில் நிறுத்துவார்கள்? முப்பத்துமூன்று முடிகிற வரைக்கும் ஒருத்தியும் நிற்கவில்லை. மூச்சு வாங்க வாங்க எழும்பினார்கள், இருந்தார்கள், பிறகும் எழும்பினார்கள். "போதும், நிப்பாட்டுங்க" என்றால், "திக்ர பாதியில விடச் சொல்றியா?" என்று அவளைப் பார்த்து முறைத்தார்கள். அடுத்த நாள் வேன் வெறுமையாக வந்தது. ஊர் முழுக்க ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கிழவி தொடையில் எண்ணெய் பூசிக்கொண்டு கிடந்தாள்.

அதன் பிறகுதான் முஸ்பிறா பஸ்ஸைப் பிடித்தாள். கொண்டக்டர் கூப்பிடுகிற மாதிரி ஊர்ப் பெயர்களைச் சொல்லி எண்ணத் தொடங்கினாள். மருதமுனை என்றால் எழும்ப வேண்டும், இருக்க வேண்டும். பிறகு பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று. பத்தாவது ஊரான அக்கரைப்பற்றோடு பயணம் முடிந்தது. ஏலாதவர்கள் வழியில் இறங்கலாம். "நான் காரைதீவில எறங்கிட்டன் புள்ள" என்று சொல்லிவிட்டுச் சாய்ந்து கொள்வார்கள். அதில் ஒருவருக்கும் வெட்கமில்லை, பாவமுமில்லை.

சல்மா உம்மா முதன்முதலாக வந்தபோது மருதமுனையிலேயே இறங்கினவ. கதிரையின் இரண்டு கைகளையும் பிடித்து உன்னுவா, பின்பக்கம் ஒரு சாண் உயரும், பிறகு தொப்பென்று விழுவா. ஆனால் வாய்க்கு ஒரு குறையுமில்லை.

"என்னடி இது, எழும்பு இரி எழும்பு இரி எண்டு? ஒண்டில் எழும்பச் சொல்லு, இல்லாட்டி இரிக்கச் சொல்லு. உனக்கே ஒரு முடிவில்லயா?"

அவவை வேன் வருகிற ஒவ்வொரு நாளும் தெருவுக்குக் கூட்டி வந்து வேனில் ஏற்றுகிறவர் புருஷன் ஆதம்பாவா. நாவிதன்வெளிப் பக்கம் வயல் வட்டை செய்து காய்ந்து போன மனுஷன். மனைவிக்குத் தோளைக் கொடுத்துவிட்டு ஒரு சொல்லும் பேசாமல் நிற்பார். ஏற்றும் வரைக்கும் அவ அவரை ஏசுவா. ஏற்றிய பிறகு ஜன்னலால் தலையை நீட்டி, "வெயிலுக்க நிக்காம போங்க" என்பா. அவர் போகமாட்டார், வேன் மறைந்த பிறகுதான் திரும்புவார். இப்படியே ஒரு வருஷம் போக, சல்மா உம்மா ஒலுவில் வரைக்கும் வந்துவிட்டா. பொல்லை ஊன்றிக்கொண்டு கேற்றில் இருந்து மண்டபத்துக்கு ஆள் பிடிக்காமல் நடந்தா.

அந்த நேரத்தில்தான் ஆதம்பாவா ஒரு விடியல் சுபஹுத் தொழுகைக்குக் கை கால் கழுவி வுளூச் செய்யப் போன இடத்தில் சரிந்தார். பின்னேரம் அடக்கினார்கள். அன்றைக்கே சல்மா உம்மா இத்தாவுக்குள் போனா.

புருஷன் மௌத்தானால் பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டும், அந்நிய ஆண்களின் கண்ணில் படக்கூடாது. அது எல்லோருக்கும் உள்ளது. ஆனால் சல்மா உம்மாவின் குடும்பத்துக்கு அதற்கு மேலேயும் ஒரு வழக்கம் இருந்தது. இத்தா இருக்கிற பெண் கட்டிலிலோ கதிரையிலோ இருக்கமாட்டாள், நிலத்தில் பன்பாயை விரித்து அதில்தான் இருப்பாள், அதில்தான் படுப்பாள். பின்னறையில் ஜன்னலுக்கும் வாசலுக்கும் வெள்ளைச் சேலையைக் கட்டி, மூலையில் பாயை விரித்துக் கொடுத்தார்கள். அந்த வீடு சல்மா உம்மாவுக்கு அவவுடைய உம்மா கொடுத்த வீடு. அதை மகள் ஸம்றாவுக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டு அவவும் புருஷனும் பின்னறைக்குப் போயிருந்தார்கள். இங்கே எல்லாரும் அப்படித்தான், முன்னறையில் வாழ்ந்து பின்னறையில் முடிக்கிறது.

முஸ்பிறா மையித்து வீட்டுக்குப் போனாள், அழுதாள், வந்தாள். ஆனால் மனம் நிற்கவில்லை. நாலு மாதம் பாயில் கிடந்தால் அந்தக் கால்கள் என்னாகும்? நிலையத்துப் பொறுப்பாளர் றஸ்னா மிஸ்ஸிடம் போய்ச் சல்மா உம்மாவின் இடத்தை வைத்திருக்கச் சொன்னாள்.

"இடத்த வெச்சிருப்பன் ராத்தா," என்றாள் றஸ்னா. "ஆனா இத்தா முடிஞ்சு வாற நாள் கேற்றில இருந்து மண்டபத்துக்குத் தன்ட கால்லதான் வரணும். பொல்லு ஊண்டலாம், ஆள் பிடிக்கேலா. ஏலாட்டி வேற ஆளுக்குக் குடுக்கத்தான் வேணும். உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். சில மாதங்களுக்கு முன் ஒரு மனுஷன் இரண்டு பேர் பிடித்து வரும்போதே முற்றத்தில் விழுந்து இடுப்பை முறித்துக் கொண்டார். பிள்ளைகள் வந்து றஸ்னாவின் மேசையில் அடித்துக் கத்தினார்கள். அதற்குப் பிறகு வந்த சட்டம் இது. றஸ்னாவும் பாவம்தான். ஆளணி இல்லை, வேன் பழசு, எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறவள் அவள். அவள் கண்ணுக்குக் கீழேயும் கறுப்பு விழுந்துதான் கிடந்தது.

சென்றர் இல்லையென்றால் சல்மா உம்மாவுக்கு என்ன மிஞ்சும்? மகள் பாலர் பாடசாலைக்குப் படிப்பிக்கப் போய்விடுவாள், மருமகன் கடைக்கு, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு. பின்னறையும் பாயும்தான் மிஞ்சும். முஸ்பிறாவின் உம்மாவுக்கு மிஞ்சியதும் அதுதான்.

ஆகையால் வேலை முடிந்து அஸர் தொழுதுவிட்டு அவள் அந்த வீட்டுக்குப் போகத் தொடங்கினாள். முதல் நாள் றஸ்னாவிடம் கேட்டுச் சென்றரின் சிவப்புப் பிளாஸ்டிக் கதிரை ஒன்றையும் ஓட்டோவில் போட்டுக்கொண்டு போனாள்.

சல்மா உம்மா கதிரையைப் பார்த்தா. பிறகு முஸ்பிறாவைப் பார்த்தா.

"இது யாருக்கு?"

"உங்களுக்குத்தான் மாமி. இதில இருந்து ஒவ்வொரு நாளும் ஒலுவில் வரைக்கும் போய் வந்தாப் போதும். கால் சோராது."

"என்ட உம்மா பாயிலதான் இத்தா இருந்தா. அவட உம்மாவும் பாயிலதான். நான் மட்டும் புருஷன அடக்கிப்போட்டுக் கதிரயில ராணி மாதிரிக் குந்தவா? கொண்டு போ."

"மாமி, கதிரயில இரிக்கப்படாதெண்டு மார்க்கத்தில எங்க சொல்லியிரிக்கி?"

"மார்க்கத்தில இல்ல. என்ட மனசில இரிக்கி. மனசோட கதைக்க வந்தா கதை, இல்லாட்டித் தேத்தண்ணியக் குடிச்சிட்டுப் போ."

ஸம்றா வாசல் சேலைக்கு அந்தப் பக்கம் நின்று கையைப் பிசைந்தாள். அவளுக்கு வேறொரு கவலை. "ராத்தா, கோவிக்காதீங்க. பக்கத்து வீட்டில கதைக்கிறாங்க. வாப்பாட கபுறு ஈரம் காயல்ல, உம்மா எக்சசைஸ் பழகிறாவாம் எண்டு."

"வாற சனம் கதைச்சிட்டுப் போகட்டும்," என்றாள் முஸ்பிறா. "உங்கட உம்மாவப் புரட்டிப் படுக்க வைக்கிற காலம் வந்தா அந்தச் சனம் வருமா?"

ஸம்றா தேத்தண்ணி ஊற்றப் போனாள். கதிரை மூலையில் நின்றது. கொஞ்ச நாளில் அதில் துவைத்த உடுப்புகள் ஏறின.

முஸ்பிறா நாளும் போனாள், நாளும் கதிரைக்காகச் சண்டை பிடித்தாள். கச்சான் காற்று வயலைச் சுட்டுக்கொண்டு வந்து முகத்தில் அடிக்கிற காலம் அது. பஸ்ஸால் இறங்கி ஒழுங்கை நடந்து போய்ச் சேர்வதற்குள் முழங்கால் இரண்டும் நெருப்பாக எரியும். போய் நிலத்தில் கால் நீட்டி இருந்தால், எழும்பும்போது அவளே முனகுவாள். ஒரு நாள் அப்படி முனகி எழும்பும்போது சல்மா உம்மா உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தா.

"நீ எப்பிடி எழும்பின?"

"எப்பிடியெண்டா? எழும்பினதுதான்."

"இல்ல. முதல்ல ஒரு பக்கம் கிறுகின, பொறகு கையையும் முழங்காலையும் ஊண்டின. என்ன, மறுகா செஞ்சு காட்டு."

அப்போதுதான் முஸ்பிறாவுக்கு மேனுஜா மிஸ் எப்போதோ காட்டியது நினைவுக்கு வந்தது. விழுந்தால் நிலத்திலிருந்து எழும்புகிற விதம். சென்றரில் அதை ஒரு நாளும் அவள் செய்வித்ததில்லை. வயதான சனத்தை நிலத்தில் இருத்தப் பயம். யாரும் எழும்பாவிட்டால் யார் தூக்குவது? ஆகவே எல்லாம் கதிரையோடே போனது. இத்தனை நாளும் அவ இருக்காத கதிரைக்குச் சண்டை பிடித்தவள், அவ இருந்த பாயை மறந்துவிட்டாள். தன் மண்டையில் தானே குட்டிக்கொண்டாள்.

"பாயில இருந்தே எழும்புவமா மாமி?"

"அதத்தானே நான் முதல்ல இருந்து சொல்றன்," என்றா சல்மா உம்மா. அவ அப்படிச் சொல்லவேயில்லை. ஆனால் அதைச் சொல்லி வெல்ல முடியுமா?

ஒரு பக்கம் கிறுகித் திரும்ப வேண்டும். இரண்டு கையையும் ஊன்றி முழங்காலில் வர வேண்டும். அப்படியே தவழ்ந்து கட்டில் விளிம்பைப் பிடிக்க வேண்டும். பிறகு ஒரு காலை முன்னால் வைத்து, உன்னி, நிமிர வேண்டும். ஆதம்பாவா படுத்த கட்டில் அது. இத்தா முடியும்வரை அதில் படுக்கமாட்டேன் என்றிருந்தவ, பிடிப்பதற்கு மட்டும் அந்த விளிம்புக்குக் கையை நீட்டினா. முதல் தரம் தொட்டபோது அந்தப் பலகையை விரலால் ஒரு தரம் தடவினா. அதற்குப் பிறகுதான் முஸ்பிறா ஊர்ப் பெயரைக் கூப்பிட்டாள்.

சொல்வதற்கு இலகுவாக இருக்கிறது. செய்வதற்கு எவ்வளவு காலம் போனது! கிறுகுவா, முழங்காலில் வருவா, அந்த ஒரு காலை முன்னுக்கு வைக்க ஏலாமல் கட்டிலில் தலையைச் சாய்த்துக் கொண்டு மூச்சு வாங்குவா. "போதும் மாமி." "போதாது." "நாளைக்குச் செய்வம்." "நாளைக்கு ஹயாத்து இரிக்குமெண்டு உனக்கு வந்து சொன்னதாரு?" பிறகு திரும்பவும் விழுவா, திரும்பவும் கிறுகுவா. முஸ்பிறா இடுப்புக்குக் கீழே கை கொடுத்துத் தூக்கித் தூக்கித் தன் முதுகும் பிடித்துக் கொண்டது. இரவில் படுத்தால் புரண்டு படுக்க முடியவில்லை.

ஒரு நாள் சென்றரில் இரண்டு பேருக்கு மயக்கம், வேன் பழுது, தேத்தண்ணிக்கு வெந்நீர் கொதிக்க முன்னமே காஸ் முடிந்தது. அன்றைக்கு முஸ்பிறா நேரே வீட்டுக்குப் போனாள். அடுத்த நாளும் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. 'என்ட உம்மாவுக்கே ஏலாமப் போச்சு, யாரோ ஒரு மனுஷிக்கு நான் என்னத்த' என்று நினைத்துக்கொண்டு, முழங்காலுக்கு ஒத்தடம் பிடித்தாள். வேலையையும் விட்டுவிடலாம் என்று தோன்றியது. வீடு ஜன்னல் மட்டத்தில் நின்றால் நிற்கட்டும்.

நாலாம் நாள் ஸம்றாவின் அழைப்பு வந்தது.

"ராத்தா, உம்மா ளுஹருக்குப் பொறகு பாயில இருந்து எழும்பமாட்டனெண்டு இரிக்கா. தொழுகையையும் இருந்துதான் தொழுதா. சாப்பாடும் வேணாமாம். நீங்க வந்தாத்தான் எழும்புவாவாம். நான் கை குடுத்தாத் தட்டி உடுறா."

முஸ்பிறா கோபத்தோடுதான் போனாள். ஒழுங்கையெல்லாம் தனக்குள் ஏசிக்கொண்டே போனாள். சேலையை விலக்கி உள்ளே போனதும், "என்ன மாமி, சின்னப் புள்ளயா நீங்க?" என்றாள்.

"எங்கடி போன?"

"எனக்கு ஏலாம இரிக்கி. களைச்சுப் போனன்."

"நீ களைச்சா வீட்டுக்குப் போயிட்ட. நான் களைச்சா எங்க போற? இந்தப் பாயில இருந்து அங்கால பள்ளியடிக் கபுறுதான்." சல்மா உம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டா. அழுகையா வியர்வையா என்று தெரியவில்லை. "சரி. வந்திட்டாயே, கூப்பிடு."

"என்னத்தக் கூப்பிட?"

"பஸ்ஸ!"

முஸ்பிறா சுவரில் சாய்ந்து நின்றபடி, கை கொடுக்காமல், தேய்ந்த குரலில் சொன்னாள்: "மருதமுனை."

சல்மா உம்மா கிறுகினா. கையை ஊன்றினா. தவழ்ந்தா. கட்டில் விளிம்பைப் பிடித்தா. அந்த ஒரு காலைத் தூக்கி முன்னால் வைத்தா. நின்றா. சேலை தலையால் வழுக்க, கூந்தல் கலைய, நடு அறையில் நிமிர்ந்து நின்றா. ஸம்றா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"என்னத்துக்கு அழுற? மருதமுனைதானே இது," என்றா சல்மா உம்மா. "சோத்தக் கொண்டு வா."

அதற்குப் பிறகு நாட்கள் மெதுவாகப் போயின. முஸ்பிறாவின் களைப்பு குறையவில்லை, பழகிப் போனது. பாயில் இருந்து எழும்புவதும், சுவரோரமாக அறையைச் சுற்றி வருவதுமாக இத்தா முடிந்தது.

முடிந்த கையோடு, வேன் வருகிற நாள், சல்மா உம்மா குளித்து, புதுச் சேலை உடுத்து, பொல்லோடு தெருவுக்கு வந்தா. ஸம்றா தோள் கொடுத்தாள். அந்தத் தோள் வேறு தோள் என்பது அவவின் முகத்தில் தெரிந்தது, ஆனால் அவ ஒருவரையும் ஏசவில்லை. வேனில் முஸ்பிறா இருந்தாள். அந்த வீட்டு மூலையில் நின்ற சிவப்புக் கதிரையைத் திருப்பிக் கொடுப்பதற்காக மடியில் வைத்திருந்தாள்.

கேற்றடியில் எல்லோரும் இறங்கிப் போனார்கள். சல்மா உம்மா கடைசியாக இறங்கினா. முன்னால் முற்றம். கடற்கரை மண் கொட்டிய, நிழலில்லாத, வெளிச்ச வெளி. அங்கால மண்டபத்து விறாந்தையில் றஸ்னா நின்றாள். மண்டப ஜன்னல்களில் கிழவிகளின் தலைகள்.

அப்போதுதான் முஸ்பிறாவுக்குத் தன் அடுத்த பிழை விளங்கியது. நாலு மாதமும் அந்தச் சின்ன அறையில் நடந்தவவுக்குக் கை நீட்டினால் ஒரு பக்கம் சுவர் இருந்தது. இங்கே சுவர் இல்லை. பொல்லை ஊன்றினால் மண்ணுக்குள் இறங்கியது. முற்றத்தைப் பற்றி அவள் நினைத்தே பார்க்கவில்லை.

சல்மா உம்மா நடந்தா. "மருதமுனை!" என்று ஜன்னலில் இருந்து யாரோ தொடங்க, மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். "பாண்டிருப்பு! கல்முனை!" சாய்ந்தமருது தாண்டியது. காரைதீவில் பொல்லு மண்ணுக்குள் புதைந்தது. இடது கை சுவரைத் தேடி வெறும் வெளியில் துழாவியது. அவ நின்றுவிட்டா. மண்டபம் இன்னும் அவ்வளவு தூரத்தில் இருந்தது. ஜன்னல்கள் அடங்கிப் போயின.

முஸ்பிறா கதிரையை இடுப்பில் இடுக்கியபடி பின்னால் ஓடி வந்தாள். "மாமி, நான் பிடிக்கேலா. பிடிச்சா எல்லாம் போயிரும்."

"உன்னப் பிடிக்கச் சொன்னனா?" மூச்சு வாங்கியது. "நான் இரிக்கப் போறன்."

"இஞ்சயா?"

பொல்லைப் பிடித்து, ஒரு முழங்காலை மடக்கி, மற்றதையும் மடக்கி, கையை ஊன்றி, மெல்லப் பக்கவாட்டில் சரிந்து, நடு முற்றத்து மண்ணில் இருந்துவிட்டா சல்மா உம்மா.

றஸ்னா விறாந்தையில் இருந்து பாய்ந்து வந்தாள். "அல்லாஹ்வே, விழுந்திட்டா!"

"விழல்ல மகள். இரிக்கன்."

"நடக்கேலாமத்தானே மாமி இருந்த நீங்க..."

"காரைதீவில பஸ் நிக்கிறதில்லயா? நீங்க கேற்றில இருந்து என்ட கால்ல வரச் சொன்ன. வழியில இரிக்கப்படாதெண்டு சொன்னயா?"

றஸ்னா முஸ்பிறாவைப் பார்த்தாள். முஸ்பிறா இடுப்பில் இருந்த கதிரையை எடுத்துச் சல்மா உம்மாவின் கைக்கு எட்டுகிற இடத்தில் மண்ணில் அழுத்தி வைத்தாள். வைத்துவிட்டு நாலடி தள்ளிப் போய், தன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். கட்டாவிட்டால் அவை தாமாகவே போய்ப் பிடித்துவிடும் போலிருந்தது.

"கதிரையப் பிடிக்கிறது..." என்று றஸ்னா இழுத்தாள்.

"ஆள்தானே பிடிக்கேலாண்டு சொன்ன, கதிர ஆளா?" என்று ஜன்னலில் இருந்து ஒருத்தி கத்தினாள். எல்லாரும் சிரித்தார்கள். சல்மா உம்மா சிரிக்கவில்லை. அவ மூச்சைச் சேர்த்துக்கொண்டிருந்தா. வெயில் மண்ணில் எரிந்தது. காகம் ஒன்று வந்து பார்த்துவிட்டுப் போனது.

பிறகு அவ கிறுகினா. கையை ஊன்றினா, முழங்காலில் வந்தா, புதுச் சேலையில் மண் அப்பியது. ஒரு நாளும் இருக்கமாட்டேன் என்று சண்டை பிடித்த அந்தக் கதிரையின் மேல் இரண்டு கையையும் வைத்தா. ஒரு காலை முன்னால் கொண்டு வந்தா. கதிரை மண்ணில் ஆடியது. முஸ்பிறா உதட்டைக் கடித்தாள். கதிரை நின்றது, சல்மா உம்மாவும் நின்றா.

"நிந்தவூர்," என்றா தானாகவே, கதிரையில் சாய்த்திருந்த பொல்லை எடுத்துக்கொண்டு.

மிச்ச ஊர்களை ஜன்னல்கள் சொல்லின. ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை. விறாந்தைப் படியில் பொல்லு தட்டிய சத்தத்துக்குப் பிறகுதான் அக்கரைப்பற்று என்றார்கள்.

றஸ்னா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "நாளைக்கும் இப்பிடி நடுவில இருந்தா என்ன ராத்தா செய்ற?" என்று மெல்லக் கேட்டாள்.

"நாளைக்கும் எழும்புவா," என்றாள் முஸ்பிறா. "இந்த நிலத்தில இருந்து எழும்புறத மத்தவங்களுக்கும் பழக்கணும் மிஸ். அண்டைக்கு முற்றத்தில விழுந்த மனுஷனுக்கும் வழியில இருந்து எழும்பத் தெரியாமத்தானே ரெண்டு பேர் பிடிச்சு இழுத்தாங்க."

றஸ்னா மண்டபத்துப் பக்கம் திரும்பினாள். "சல்மா உம்மாட இடம் இரிக்கி," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

முற்றம் வெறுமையாகிவிட்டது. சிவப்புக் கதிரை மட்டும் மண்ணில் சாய்ந்து நின்றது. எடுத்துப் போக வேண்டும், தேத்தண்ணி ஊற்ற வேண்டும், பயிற்சி தொடங்க வேண்டும், பின்னேரம் பஸ்ஸில் நின்றுகொண்டு போக வேண்டும். முஸ்பிறா கதிரையைத் தூக்கக் குனிந்தாள். குனிந்தவள் தூக்கவில்லை. அதை நேராக்கி, அதில் இருந்துவிட்டாள். முழங்கால் இரண்டும் விண் விண்ணென்று வலித்தன. வெயில் முகத்தில் அடித்தது. அடிக்கட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

மண்டபத்துக்குள் கதிரைகள் இழுபடுகிற சத்தம் கேட்டது. பிறகு சல்மா உம்மாவின் குரல் ஜன்னலால் வந்தது.

"எலா முஸ்பிறா! கொண்டக்டர் வழியில எறங்கிட்டா பஸ் எப்பிடியடி போற?"

"கொஞ்சம் பொறுங்க மாமி," என்றாள் முஸ்பிறா கண்ணைத் திறக்காமலே. "நான் இன்னும் காரைதீவிலதான்."